முந்தித் திறக்கும் ஜன்னல்

இசக்கிமுத்து கணினி எலியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்கு வந்தவன் எவனாவது எலியைப் பிடித்து, பட்டியலைத் திறந்து, கீழே கீழே இறங்கி ஒரு செயலியைச் சொடுக்கினால், அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

“என்ன தம்பி, எலியப் பிடிச்சுக்கிட்டு ஊர்கோலம் போறீகளோ? அங்க ஒருத்தன் மூழ்கிட்டு இருக்கான்.”

அவருடைய முறை வேறு. ஒரு விசையைத் தட்டுவார். திரையின் நடுவில் ஒரு பட்டி எழும்பும். அதில் இரண்டே எழுத்து, பிறகு என்டர். ‘நீ’ என்றால் நீரோட்ட வரைபடம். ‘பட’ என்றால் படகுப் பதிவு. ‘வீ’ என்றால் வீண் அழைப்பு. அதைத் திறந்து என்டர் தட்டினால் பதிவுக்குரல் ஒன்று, ‘அவசரத்துக்கு மட்டும் அழையுங்கள்’ என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வாய் அழைத்தவனிடம் பேசிக்கொண்டிருக்க, விரல்கள் தம் பாட்டுக்கு ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டிருக்கும். அந்த அறையில் அவருக்கு அடுத்த வேகம் ஜெர்லினுக்குத்தான்.

தூத்துக்குடிக் கடலுக்குள் காற்றாலைகளை நட்ட பிறகு உருவானது அலைக்காவல் மையம். கோபுரங்களுக்கு இடையே கப்பலும் விசைப்படகும் வள்ளமும் புகுந்து புறப்பட, தினமும் எங்காவது எதுவாவது முட்டியது, கவிழ்ந்தது, நின்றுபோனது. ஓர் அழைப்பு வந்தால் ஆறேழு செயலிகளைத் திறந்தாக வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தேடும் நேரத்தில் ஆள் போய்விடுவான். அறையில் இருந்தவர்களில் கடற்கரைக் குடும்பத்துப் பெண் ஜெர்லின் ஒருத்திதான், சங்குமேட்டுக்காரி. மற்றவர்கள் கோவில்பட்டி, சங்கரன்கோவில், மதுரை என்று கரிசலிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்கள்.

சென்னையிலிருந்து மென்பொருள் பொறியாளர் மிருணா வந்து இறங்கிய நாளில் எல்லாருடைய விசைப்பலகையும் மாற்றப்பட்டது. புதிய பலகை மெத்தென்று இருந்தது. கையை மேலே வைத்தாலே லேசாக வெதுவெதுத்தது.

“இதுக்குப் பேர் முந்தி. இனிமே நீங்க எதையும் டைப் பண்ண வேணாம்,” என்றாள் மிருணா. “கைய மேல வெச்சிருந்தா போதும். உங்களுக்கு எது வேணுமோ அது திறக்கும்.”

“எனக்கு எது வேணும்னு அதுக்கு எப்படி மேடம் தெரியும்?” என்றார் இசக்கி. “என் வீட்டுக்காரிக்கே இன்னும் தெரியல.”

“உங்களுக்கே தெரியாது சார். உங்க கைக்குத்தான் முதல்ல தெரியும். ‘நீ’ தட்டணும்னு நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே விரல் லேசா அந்தப் பக்கம் சாயுது, ஒரு நரம்பு இறுகுது. பலகை அதைப் பார்த்துடும். விரல் கீழ இறங்குறதுக்குள்ள வரைபடம் வந்து நிக்கும்.”

“அப்போ நாங்க எதுக்கு?”

“கைய வெச்சுக்கத்தான்,” என்று சிரித்தாள். அவள் கிண்டலுக்குச் சொன்னாளா என்பது யாருக்கும் விளங்கவில்லை.

முந்திக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொருவர் கையையும் அது தனித்தனியாகப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை கண்டதையும் திறந்து உயிரை வாங்கும். ரேடியோ கேட்டால் சம்பளச் சீட்டைக் காட்டும். இசக்கியின் கை மட்டும் ஒரு வாரத்திலேயே அதற்குப் பிடிபட்டுவிட்டது. அவர் கையில் தயக்கம் என்ற ஒன்று கிடையாது.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் விசைப்படகு ஒன்று கவிழ்ந்த செய்தி வந்தது. ஜெர்லினின் திரையில் முந்தி குளறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஓடி இசக்கியின் நாற்காலியில், இசக்கியின் கணக்கிலேயே உட்கார்ந்தாள். பலகையில் கையை வைத்ததும் ஜன்னல்கள் மளமளவென்று விரிந்தன. பதிவு, நீரோட்டம், காற்று, ரேடியோ, எல்லாம் அவள் கேட்குமுன் வந்து வரிசையில் நின்றன. உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. படகோட்டி தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்புப் படகு கிளம்பிவிட்டது.

“அண்ணாச்சி, உங்க கணக்கு எனக்கும் வேலை செய்யுதே!”

“பின்ன? ரெண்டு வருசமா என்னப் பாத்துப் பாத்துத்தான தட்டுத. உன் கையும் என் கைதான் தாயி.”

அன்று சாயங்காலத்துக்குள் அறை முழுவதும் இசக்கிமுத்துவாகிவிட்டது. கடவுச்சொல் அவர் மனைவியின் பெயர். அதை அறியாதவர் அங்கே யாரும் இல்லை. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். எவருடைய கணக்கில் வேலை ஓடுகிறதோ அதில் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் வள்ளிநாயகம் சாருக்கும் தெரியும். சிறந்த பணியாளர் விருது இசக்கிக்கு வந்தபோது, மூன்று ஷிப்டும் தூங்காமல் உழைக்கும் அதிசய மனிதரைப் பற்றி அவரே ஒரு பாராட்டுரை வாசித்தார். வாசித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் முந்தி இன்னும் ஒரு படி ஏறியது. மிருணா குதிக்காத குறையாக வந்து சொன்னாள்.

“குரல் காதுல விழுந்த உடனே கை அசையுது இல்லையா? அப்போ கைக்கு ஏன் காத்திருக்கணும்? இனிமே முந்தியும் குரலைக் கேட்கும். இந்த மாதிரிக் குரலுக்கு இந்தக் கை எதைத் திறக்கும்னு அதுக்கு இப்போ தெரியும்.”

அந்த நாட்களில் வேலைக்கு வருவது விழாவுக்கு வருவது போலிருந்தது. அறை மொத்தமும் ஒரே உடம்பாக, ஒரே கையாக ஆடியது. முந்தி காட்டியது எப்போதும் சரியாக இருந்ததால், திறந்ததைச் சரிபார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லாமல் போனது. திறக்கும், என்டர் தட்டுவார்கள், ஒருவன் கரையேறுவான். ஜெர்லினுக்கு வீட்டுக்குப் போனால் கை நமநமவென்றது.

அவளுக்குத் தனியாக இன்னொரு நிம்மதியும் இருந்தது. சங்குமேட்டில் அவசர எண்ணை ஜெர்லினின் சொந்த எண்ணாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். “பாப்பா இருக்காளா? நாளைக்குக் காத்து எப்படின்னு கேளு.” “எம் மவளுக்கு நிச்சயம், ஜெர்லினுக்குச் சொல்லிருங்க.” வெட்டியாகக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சு ஒலிபெருக்கியில் விழுந்தாலே அறை சிரித்தது. “ஜெர்லின், உங்க ஊர் நேயர் விருப்பம் வந்திருக்கு!” அவள் முகம் சிவந்து, பேசுகிறவர் யாரென்று மற்றவர்களுக்குப் புரியும் முன்பே ‘வீ’ தட்டி அணைத்துவிடுவாள். இப்போது தட்டவே வேண்டியதில்லை. அந்த அழைப்புகள் வந்த சுவடே தெரியவில்லை.

மேற்கேயிருந்து கச்சான் காற்று வெறிபிடித்து அடித்த ஒரு பகல். சரக்குக் கப்பல் ஒன்று கட்டறுந்து கோபுரங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இழுவைப் படகுக்காரன் ஒரு பக்கம் கத்தினான். கப்பல் தலைவன் மறுபக்கம் ஆங்கிலத்தில் கெஞ்சினான். ஜெர்லினின் திரையில் ஜன்னல்கள் பறந்தன. நடுவில் ஓர் அழைப்பு. “பாப்…” என்றது. ஒரு ஜன்னல் திறந்தது. என்டர். மறுபடி கப்பல். இன்னோர் அழைப்பு, இன்னொரு ஜன்னல், என்டர். கப்பல் கோபுரத்தை உரசாமல் திரும்பியபோது அறையே எழுந்து கைதட்டியது. இசக்கி மேஜையைத் தபேலாவாக்கினார். மிருணா அதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள்.

கைதட்டல் அடங்குமுன் கதவு படாரென்று திறந்தது. தடுத்துப் பிடித்த காவலாளியையும் இழுத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். செருப்பில்லாத கால்.

“ஏட்டி ஜெர்லின்!”

சலேத் சித்தி. சங்குமேட்டில் ஜெர்லின் வீட்டுக்கு எதிர் வீடு.

“சித்தி, இங்கல்லாம் வரக்கூடாது…”

“போன்ல பேச விட்டாத்தானட்டி! எத்தன மட்டம் போன் போடுதது? வாயத் தொறக்கதுக்குள்ள வெச்சிருதீக. அவசரம்னா மட்டும் கூப்பிடணுமாம். எதுட்டி அவசரம்? ஒஞ் சித்தப்பாவும் எம் புள்ள ரீகனும் வள்ளத்துல போனவுக. எஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறுதுன்னான்.”

“ரீகன் எங்களக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“இங்கதான்டி முதல்ல போட்டான்! ரெண்டு மட்டம் போட்டானாம், ரெண்டு மட்டமும் வெச்சிட்டியளாம். சார்ஜ் தீரப்போவுது, நீயாவது சொல்லும்மான்னு எனக்குப் போட்டான். பேசிக்கிட்டு இருக்கும்போதே போச்சு.”

ஜெர்லின் திரும்பி உட்கார்ந்து பலகையில் கையை வைத்தாள். திரையில் ‘வீண் அழைப்பு’ திறந்தது. மூடினாள். பின்னால் சித்தி, “எப்பவும் போல வெளாட்டுக்குக் கூப்பிடுதோம்னு நெனச்சியா?” என்று அழுதாள். ‘வீண் அழைப்பு’ மறுபடி திறந்தது. மூடினாள். சித்தி பேசப் பேச அது திறந்துகொண்டே இருந்தது. ஜெர்லினுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் திரையில், எதிர்த் திரையில், ஒலிவாங்கி இருந்த எல்லா மேஜையிலும் அதே ஜன்னல் திறந்து கிடந்தது.

“இத நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

“முந்தியை நிறுத்தினா பழைய முறைக்குப் போயிடும்,” என்றாள் மிருணா. “இவ்வளவு அழைப்பு இருக்கப்போ…”

இசக்கி அதற்குள் மேஜைக்கு அடியில் புகுந்து முந்தியின் பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

திரை காலியானது. ஜெர்லின் அந்தப் பழைய விசையைத் தட்டினாள். நடுவில் பட்டி எழும்பியது. உள்ளே சின்னக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது.

என்ன தட்டுவது?

ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தினம் நூறு தடவை பார்த்த செயலி. அதன் நிறம் தெரிகிறது, திரையில் எந்த மூலையில் நிற்கும் என்று தெரிகிறது. பெயர் இல்லை. மாதக்கணக்கில் எதையும் பெயர் சொல்லி அழைக்காமல் இருந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி! கடல் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு காட்டுமே, அது பேரு?”

“நீ!” என்று அவர் மேஜைக்கு அடியிலிருந்தே கத்தினார். “நீரோட்டம்! தட்டு!”

தட்டினாள். வரைபடம் வந்தது. “காத்து?”

“கா-வே! காத்து வேகம்! அடுத்து பட, படகுப் பதிவு. பேரு என்னக்கா வள்ளத்துக்கு?”

“ஆரோக்கியம்,” என்றாள் சித்தி.

இசக்கி எழுந்து ஜெர்லினின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஏலம் விடுகிறவர் போல எழுத்துகளை வீசினார். அவள் விரல் முதலில் தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. இரண்டு எழுத்து, என்டர். இரண்டு எழுத்து, என்டர். எதிர் மேஜைக்காரன் எலியைப் பிடித்துப் பட்டியலில் இறங்கிக்கொண்டிருந்தான். அன்று இசக்கி அவனைக் கிண்டல் செய்யவில்லை.

கச்சான் தள்ளியிருந்தால் வள்ளம் கிழக்கே போயிருக்க வேண்டும். நீரோட்டம் அதைக் கோபுரங்களின் கடைசி வரிசைக்கு இழுத்திருக்கும். “அந்தக் கோபுரத்துல எல்லாம் கேமரா இருக்குல்லா? அது என்ன பேரு?”

“அது… சனியன்… சு! சுழலிக் கண்!”

‘சு’. என்டர். திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. வெறும் தண்ணீர், நுரை, கடற்பறவை எச்சம் படிந்த கண்ணாடி. ஜெர்லின் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். சித்தியின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

“நில்லுட்டி! பின்னால போ!”

ஒரு கோபுரத்தின் அடியில், ஏணிக் கம்பியில் கயிறு ஒன்று இறுகிக் கிடந்தது. கயிற்றின் மறுமுனையில் வள்ளம் நிமிர்ந்து நிற்கவில்லை. கவிழ்ந்த அதன் வயிறு மட்டும் அலையில் எழுந்து எழுந்து அமிழ்ந்தது. அதன் மேல் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். இடது கை கயிற்றில் சுற்றியிருந்தது. வலது கை தண்ணீருக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. அலை இறங்கியபோது நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

“ரே!” என்று இசக்கி சொல்லும் முன்பே ஜெர்லின் ரேடியோவைத் திறந்துவிட்டாள்.

மீட்புப் படகு போய்ச் சேரும்வரை யாரும் உட்காரவில்லை. அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டு எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். கப்பலுக்குக் கைதட்டியவர்கள்தான். இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஆரஞ்சு நிறப் படகு கட்டத்துக்குள் நுழைந்தது. இரண்டு பேர் குதித்தார்கள். முதலில் நரைத்த தலை மேலே போயிற்று. பிறகு ரீகனை இழுத்தார்கள்; கயிறு அவன் கையை விடவில்லை, வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

“ரெண்டு பேருக்கும் உசிரு இருக்கு,” என்றது ரேடியோ. “பையன் கை போச்சுன்னு நெனைக்கேன்.”

சித்தி கும்பிட்ட கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜெர்லின் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. காவலாளி கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது அவனிடம்தான் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள்.

வள்ளிநாயகம் சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மேல கேப்பாங்க. எல்லா அழைப்பையும் வெட்டுனது யார் கணக்கு?”

திரை மூலையில் பெயர் இருந்தது.

“இசக்கி, நான்தான் வெட்டுனேன்னு நீரு எழுதிக் குடுத்துட்டுப் போயிரும். நான் பேசிச் சமாளிக்கேன்.”

“நான் எதுக்கு சார் சங்குமேட்டு அழைப்ப வெட்டப் போறேன்?” இசக்கிக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான். “எனக்குக் கடக்கரைப் பேச்சு எல்லாமே ஒண்ணுதான். எது சங்குமேடு, எது திரேஸ்புரம்னு பிரிச்சுப் பாக்க எனக்கு எங்க தெரியும்? அது தெரிஞ்ச ஆளு…”

அவர் நிறுத்திக்கொண்டார். கண் ஜெர்லின் பக்கம் போயிற்று.

“என் கைதான் சார்,” என்றாள் ஜெர்லின். “எங்க ஊர்ப் பேச்சு கேட்டா, இங்க சிரிக்கப் போறாங்களேன்னு வெட்டிருவேன். தினமும். அதப் பாத்து அது படிச்சிருக்கு.”

மிருணாவின் கண்கள் விரிந்தன. அவள் அதிர்ச்சியில்தான் பார்க்கிறாள் என்று ஜெர்லின் நினைத்தாள்.

“வெயிட், வெயிட். இந்த ரூம்ல உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம், மத்த எல்லார் கைக்கும் போயிருக்கு! நாங்க எழுதவே இல்ல, அதுவா கடத்தியிருக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா ஜெர்லின்?”

“அழிச்சிருங்க.”

“இங்க அழிச்சிடலாம், கம்பிதான் பிடுங்கியாச்சே.” மிருணாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆனா இசக்கி சார் கணக்குதான் பெஸ்ட் ரிசல்ட். காலையில அதைத்தான் மாதிரியா எடுத்து எல்லா மையத்துக்கும் அனுப்பினோம். நாகை, ராமேஸ்வரம், குளச்சல், எல்லாத்துக்கும். திரும்ப எடுக்கணும்னா தலைமையகம் கமிட்டி கூட்டணும்.”

“அங்கயும் கடக்கரை ஆளுங்கதான கூப்பிடுவாங்க?”

“சங்குமேடுன்னு அதுக்குத் தெரியாது ஜெர்லின். அந்த மாதிரிப் பேச்சுன்னுதான் தெரியும்.”

ஜன்னலுக்கு வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை. மேற்கே குளச்சல் பக்கம் இதைவிட மோசமாக இருக்கும். மையங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் தலைமையகம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே யாரும் எடுக்கவில்லை. ஜெர்லின் தன் கைப்பேசியில் குளச்சல் மையத்தின் பொது எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும்போதே மூச்சு வாங்கியது. எடுத்தார்கள்.

“அண்ணே, கேளுங்கண்ணே, அந்தப் பெட்டிய உடனே நிறுத்துங்க, கடலுக்குப் போன ஆளுவ கூப்பிட்டா அது வெட்டிருது, நான் தூத்துக்குடியில இருந்து…”

இணைப்பு அறுந்தது.

மறுபடி போட்டாள். “வெச்சிராதீகண்ணே, நான் சொல்லுதத…” என்பதற்குள் அறுந்தது.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது முறை போட்டபோது அவசரத்தையும் பயத்தையும் சங்குமேட்டையும் தொண்டைக்குக் கீழே தள்ளிவிட்டு, செய்தி வாசிக்கிறவளைப் போல நிதானமாகப் பேசினாள்.

“வணக்கம். நான் தூத்துக்குடி மையத்திலிருந்து பேசுகிறேன்.”

“வணக்கம் மேடம்,” என்றான் மறுமுனையில் இருந்தவன், உற்சாகமாக. “சொல்லுங்க மேடம். சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு வேண்டிய ஜன்னல் எல்லாம் திறந்திருச்சு.”